லினக்ஸில் நிரல் க்ராஷ் ஆனால் அதன் நினைவகத்தைப் பிடித்து வைப்பது எப்படி

சர்வரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் திடீரென்று க்ராஷ் ஆகிறது. லாக்கில் "செக்மென்டேஷன் ஃபால்ட்" (தொடக் கூடாத நினைவகத்தை நிரல் தொட்டதால் வரும் பிழை) என்று ஒரே ஒரு வரி. திரும்ப ஓட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. வாரம் கழித்து மறுபடி விழுகிறது. சி, சி++, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதிய நிரல்களைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். இதற்கு மருந்து கோர் டம்ப். க்ராஷ் ஆன நொடியில் அந்தப் ப்ராசஸின் நினைவகம் எப்படி இருந்ததோ, அதை அப்படியே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு கோப்பில் எழுதிவிடும். ஒவ்வொரு த்ரெட்டும் எந்தச் செயற்கூற்றில் நின்றது, மாறிகளில் என்ன மதிப்பு இருந்தது என்பதையெல்லாம் பிறகு சாவகாசமாகத் திறந்து பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல். க்ராஷ் ஆன பிறகு போய்த் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்யப் போய் நான் ரொம்பவே திணறினேன். யூலிமிட்டை (ப்ராசஸுக்கான வரம்புகளை அமைக்கும் கட்டளை) மாற்று என்று ஒரு இடத்தில் இருக்கும், சிஸ்டம்டியை (சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் நிரல்) பார் என்று இன்னொரு இடத்தில் இருக்கும், கன்டெய்னர் (டாக்கர் போன்றவற்றில் நிரல் தனித்து ஓடும் சூழல்) என்றால் கதையே வேறு. தனித்தனியாக எல்லாமே சரிதான். ஆனால் ஒன்று விட்டுப்போனாலும் கோப்பு வராது, ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

கட்டளைகளை உச்சரிக்கிறபடியே தமிழில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

சர்வரில் ரூட் அனுமதி வேண்டும். அலுவலகத்தில் சர்வர் வேறொரு குழுவின் கையில் இருந்தால் இன்றைக்கே கேட்டு வையுங்கள். இந்த வேலையில் அதிக நாள் பிடிப்பது இந்த அனுமதிதான். மற்றதெல்லாம் அரை மணி நேரத்தில் முடியும்.

டிஸ்கில் இடம் வேண்டும். நிரல் 8 ஜிபி நினைவகம் பிடித்து ஓடுகிறது என்றால் டம்ப்பும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும் என்று கணக்குப் போடுங்கள். ஒரே இரவில் அடுத்தடுத்து மூன்று முறை க்ராஷ் ஆனாலும் தாங்கும்படி இடம் இருக்கட்டும். முடிந்தால் தனிப் பார்ட்டிஷனாக ஒதுக்குங்கள். டம்ப் நிரம்பி ரூட் பார்ட்டிஷனே முட்டிக்கொண்டால், ஒரு நிரலின் க்ராஷ் முழு சர்வரையும் படுக்க வைத்துவிடும்.

செலவு என்று பார்த்தால் இந்த டிஸ்க் இடம் மட்டும்தான். கருவிகள் எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். ஜிடிபி டீபக்கர் (பிழை தேடும் கருவி) சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் உங்கள் கணினியில் இருந்தால் போதும்.

நான்காவதாக, சர்வரில் ஓடும் அதே பில்டின் பைனரியும் (கம்பைல் செய்து கிடைத்த கோப்பு) டீபக் சிம்பல்களும் (செயற்கூறுகளின் பெயர், வரி எண் விவரங்கள்) வேண்டும். இதை 6ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன். இது இல்லாமல் டம்ப் மட்டும் கிடைத்துப் பயனில்லை.

2. எந்த வகை க்ராஷ் என்று உறுதி செய்யுங்கள்

எல்லாச் சாவுக்கும் டம்ப் வராது. நிரல் வெளியேறிய குறியீட்டைப் பாருங்கள். 139 என்றால் 128-உடன் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட். 134 என்றால் 128-உடன் 6, அபார்ட் (நிரல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது). இரண்டுக்கும் டம்ப் வரும்.

137 என்றால் 128-உடன் 9, கில் சிக்னல். இதற்கு டம்ப் வரவே வராது. நினைவகம் தீர்ந்துபோய்க் கெர்னலின் ஓஓஎம் கில்லர் நிரலைக் கொல்லும்போது இந்த 9-தான் வருகிறது. டிமெசேஜ் வெளியீட்டில் "அவுட் ஆஃப் மெமரி" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோர் டம்ப்பைத் துரத்துவது வீண் வேலை. நினைவகம் எங்கே வீங்குகிறது என்று பார்க்க 8ஆம் படிக்குப் போங்கள்.

இன்னொரு பொறி. சில நிரல்கள் செக்மென்டேஷன் ஃபால்ட் சிக்னலைத் தாங்களே பிடித்து, லாக்கில் அழகாக ஒரு வரி எழுதிவிட்டு, எக்சிட் செய்து வெளியேறிவிடும். கெர்னலைப் பொறுத்தவரை அது சாதாரண வெளியேற்றம், டம்ப் எழுதாது. உங்கள் நிரலில் அப்படி சிக்னல் ஹேண்ட்லர் இருந்தால், லாக் எழுதியதும் ஹேண்ட்லரை இயல்புநிலைக்கு மாற்றி அதே சிக்னலை மறுபடி எழுப்பச் சொல்லுங்கள். கோ மொழியிலும் இப்படித்தான்: பேனிக் ஆனால் இயல்பாக டம்ப் வராது. கோட்ரேஸ்பேக் என்ற சூழல் மாறியை க்ராஷ் என்று வைத்தால்தான் வரும்.

3. டம்ப் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் வழி தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். /ப்ராக்/சிஸ்/கெர்னல் அடைவில் கோர்_பேட்டர்ன் என்று ஒரு கோப்பு இருக்கிறது. கேட் கட்டளை கொடுத்து அதைப் படியுங்கள். மூன்றில் ஒன்று தெரியும்.

ஒன்று, வெறுமனே "கோர்" என்று இருக்கலாம். அப்படியானால் நிரல் எந்த அடைவில் நின்று ஓடுகிறதோ அங்கேயே கோப்பு விழும். பின்னணியில் ஓடும் சேவைகள் பல ரூட் அடைவில் நின்று ஓடும், அங்கே எழுத அவற்றுக்கு உரிமை இருக்காது. கோப்பு வராது, பிழைச் செய்தியும் வராது.

இரண்டு, பைப் குறியில் (செங்குத்துக் கோடு; டம்ப்பை அடுத்து வரும் நிரலிடம் கொடு என்று பொருள்) தொடங்கி, அடுத்து சிஸ்டம்டி-கோர்டம்ப் என்று இருக்கலாம். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் இதுதான் இயல்பு. என் கருத்தில் புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. டம்ப்பைச் சுருக்கி /வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப் அடைவில் வைக்கும், எந்த நிரல், எந்த சிக்னல், எத்தனை மணிக்கு என்று ஜர்னலில் எழுதும். கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட் என்று அடித்தால் பட்டியலே வந்துவிடும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இது டம்ப்புகளைத் தானாகவே அழிக்கும். பல பதிப்புகளில் மூன்று நாள்தான் ஆயுள். வெள்ளிக்கிழமை மாலை விழுந்த நிரலைச் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் பட்டியலில் பெயர் இருக்கும், பக்கத்தில் "மிஸ்ஸிங்" என்று போட்டிருக்கும். அடுத்தது அளவு வரம்பு. பழைய பதிப்புகளில் 2 ஜிபிக்கு மேற்பட்ட ப்ராசஸின் டம்ப்பை முழுதாகச் சேமிக்காது. /ஈடிசி/சிஸ்டம்டி அடைவில் உள்ள கோர்டம்ப்.கான்ஃப் கோப்பில் ப்ராசஸ்சைஸ்மேக்ஸ், எக்ஸ்டர்னல்சைஸ்மேக்ஸ் என்ற இரண்டையும் உங்கள் நிரலின் அளவுக்கு ஏற்றபடி உயர்த்துங்கள்.

மூன்று, பைப் குறியுடன் அப்போர்ட் என்று இருக்கலாம். உபுண்டுவில் இப்படித்தான் இருக்கும். இது உபுண்டு தரும் தொகுப்புகளுக்காகச் செய்யப்பட்டது. நீங்களே பில்டு செய்த நிரல் விழுந்தால், /வார்/லாக் அடைவின் அப்போர்ட் லாக்கில் "இந்த நிரல் எந்தத் தொகுப்பையும் சேர்ந்ததல்ல, புறக்கணிக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். உங்கள் சொந்த நிரலுக்கு டம்ப் வேண்டுமென்றால் அப்போர்ட் சேவையை நிறுத்திவிட்டு சிஸ்டம்டி-கோர்டம்ப் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் வேண்டாம், நேரடியாகக் கோப்பாகவே விழட்டும் என்றால், கோர்_பேட்டர்னில் முழுப் பாதையைக் கொடுங்கள்: /வார்/கோர்டம்ப்ஸ்/கோர்.%ஈ.%பி.%டி. இதில் %ஈ நிரலின் பெயர், %பி ப்ராசஸ் எண், %டி நேரம். அந்த அடைவை நீங்களே உருவாக்கி, நிரல் ஓடும் பயனர் எழுதும்படி உரிமை கொடுக்க வேண்டும். கெர்னல் அடைவை உருவாக்காது. ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க, கெர்னல்.கோர்_பேட்டர்ன் என்ற வரியை /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு கோப்பில் எழுதுங்கள்.

%ஈ பற்றி ஒரு சொல். அது 15 எழுத்தோடு வெட்டிவிடும். அதோடு, விழுந்த த்ரெட்டுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் நிரலின் பெயருக்குப் பதில் த்ரெட்டின் பெயர் வரும். அடைவில் உங்கள் நிரலின் பெயரே இல்லை என்று ஏமாறாதீர்கள், நேரத்தை வைத்துத் தேடுங்கள்.

சேவையின் யூனிட் கோப்பில் ப்ரொடெக்ட்சிஸ்டம் ஸ்ட்ரிக்ட் என்று இருந்தால் அந்தச் சேவைக்கு /வார் எழுத முடியாத இடம், டம்ப் விழாது. ப்ரைவேட்டெம்ப் இருந்து, நீங்கள் /டெம்ப் பாதையைக் கொடுத்திருந்தால், கோப்பு அந்தச் சேவைக்கான தனி டெம்ப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நேரடிக் கோப்பு முறையில் மட்டும் வரும் தொல்லை இது, பைப் முறையில் இல்லை.

4. அளவு வரம்பைத் திறந்துவிடுங்கள்

டம்ப் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு வரம்பு உண்டு. பல இடங்களில் இது சுழியம், அதாவது டம்ப்பே வேண்டாம் என்று பொருள். சிஸ்டம்டி-கோர்டம்ப் வைத்திருந்தாலும் வரம்பு சுழியமாக இருந்தால் நினைவகத்தைச் சேமிக்காது.

டெர்மினலில் கையால் ஓட்டும் நிரலுக்கு: யூலிமிட் -சி அன்லிமிடெட். இது அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்பும் நிரல்களுக்கும் மட்டும்தான். இன்னொரு டெர்மினலைத் திறந்தால் அங்கே பழைய வரம்புதான்.

சிஸ்டம்டி சேவைக்கு: யூனிட் கோப்பின் சர்வீஸ் பகுதியில் லிமிட்கோர்=இன்ஃபினிட்டி. பிறகு டீமன்-ரீலோட், அப்புறம் சேவையை ரீஸ்டார்ட். ரீலோட் மட்டும் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குப் பழைய வரம்பே தொடரும்.

லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதினால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது லாகின் செய்து வரும் அமர்வுகளுக்கு மட்டும்தான் செல்லும். சிஸ்டம்டி கிளப்பும் சேவை அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், ஓடும் ப்ராசஸையே கேளுங்கள். /ப்ராக் அடைவுக்குள் அதன் எண்ணில் உள்ள அடைவில் லிமிட்ஸ் என்ற கோப்பைத் திறந்து, "மேக்ஸ் கோர் ஃபைல் சைஸ்" வரியைப் பாருங்கள். அங்கே அன்லிமிடெட் என்று இருந்தால் சரி.

ரூட்டாகக் கிளம்பிப் பிறகு சாதாரணப் பயனராக மாறும் நிரல்களுக்கும் செட்யூஐடி நிரல்களுக்கும் (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளருடைய உரிமையோடு ஓடுபவை) கெர்னல் பாதுகாப்புக் கருதி டம்ப் எழுதாது. அதற்கான அமைப்பு எஃப்எஸ்.எஸ்யூஐடி_டம்பபிள். இதை 2 என்று வைத்தால் டம்ப்பை ரூட் மட்டும் படிக்கும்படி எழுதும். ஆனால் அப்போது கோர்_பேட்டர்ன் முழுப் பாதையாகவோ பைப்பாகவோ இருக்க வேண்டும்.

5. உண்மையான க்ராஷுக்குக் காத்திருக்காமல் சோதியுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். இரண்டு நிமிட வேலை. டெர்மினலில் ஸ்லீப் 1000 என்று ஓட்டிவிட்டு, கன்ட்ரோல் விசையுடன் பின்சாய்வுக் கோட்டை அழுத்துங்கள். குவிட் சிக்னல் போகும், திரையில் "கோர் டம்ப்ட்" என்று அடைப்புக்குள் வரும். கோப்பு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள்.

அது வேலை செய்தால் உங்கள் சொந்தச் சேவையையும் சோதனைச் சர்வரில் கில் -செக்வி கொடுத்து விழ வையுங்கள். ஸ்லீப்புக்கு வந்துவிட்டது, அதனால் சேவைக்கும் வரும் என்று நினைக்கக் கூடாது. மேலே சொன்ன வரம்பும் உரிமையும் சேவைக்குச் சேவை மாறும்.

சோதிக்கும்போது நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 200 எம்பி எழுதும் டிஸ்கில் 8 ஜிபி டம்ப் எழுத 40 நொடி ஆகும். அதுவரை அந்தப் ப்ராசஸ் முழுதாகச் சாகாது, சேவையும் திரும்பக் கிளம்பாது. இடையில் ஏதாவது காவல் நிரல் பொறுமையிழந்து 9ஆம் சிக்னலை அனுப்பினால் டம்ப் பாதியில் வெட்டுப்படும். குபெர்னெட்டீஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி) இது அடிக்கடி நடக்கும்: உயிர்ச் சோதனைக்குப் பதில் வராததால் நிறுத்தச் சொல்லும், இயல்பான அவகாசமான 30 நொடி முடிந்ததும் கொன்றுவிடும். உங்கள் டம்ப் எழுத ஆகும் நேரத்தைவிட அந்த அவகாசம் பெரிதாக இருக்கட்டும்.

6. பைனரியையும் சிம்பலையும் பத்திரப்படுத்துங்கள்

டம்ப்பில் நினைவகம் இருக்கும், செயற்கூறுகளின் பெயர்களும் வரி எண்களும் இருக்காது. அவை டீபக் சிம்பல்களில்தான் இருக்கின்றன. கம்பைல் செய்யும்போது -ஜி சேருங்கள். -ஓ2 உடன் சேர்த்தே கொடுக்கலாம், நிரலின் வேகம் குறையாது. பைனரிக் கோப்பு மட்டும் பெரிதாகும்.

பெரிய கோப்பை சர்வருக்கு அனுப்ப மனமில்லையென்றால் ஆப்ஜ்காப்பி கட்டளையில் ஒன்லி-கீப்-டீபக் கொடுத்துச் சிம்பல்களைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஸ்ட்ரிப் செய்த (சிம்பல்களை நீக்கிய) பைனரியை அனுப்புங்கள். வெளியிடும் ஒவ்வொரு பதிப்புக்கும் இந்தச் சிம்பல் கோப்பைச் சேமித்தே ஆக வேண்டும். அதே சோர்ஸை இன்னொரு கணினியில் மறுபடி பில்டு செய்தால் ஒத்துப்போகும் என்று எண்ணாதீர்கள். கம்பைலர் பதிப்பு சற்று மாறினாலும் முகவரிகள் நகர்ந்துவிடும், ஜிடிபி தவறான வரியைத் தயங்காமல் காட்டும். அதை நம்பி நாள் கணக்கில் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

பைனரியும் டம்ப்பும் ஜோடிதானா என்று பார்க்க பில்டு-ஐடி (பில்டுக்குரிய அடையாள எண்) உதவும். ரீட்எல்ஃப் -என் பைனரியின் ஐடியைக் காட்டும். ஈயூ-அன்ஸ்ட்ரிப் -என் கட்டளைக்கு டம்ப்பைக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் ஐடிகளைக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டம்ப்பை வேறு கணினியில் திறப்பதாக இருந்தால் சர்வரில் உள்ள லிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்) முதலான பகிர்வு நூலகங்களையும் சேர்த்து எடுத்து வாருங்கள். ஜிடிபியில் செட் சிஸ்ரூட் என்று அந்த அடைவைக் காட்டலாம்.

7. திறந்து பார்ப்பது

சிஸ்டம்டி-கோர்டம்ப் இருந்து, சர்வரில் ஜிடிபியும் இருந்தால், கோர்டம்ப்சிடிஎல் டீபக் என்று அடித்தாலே கடைசி டம்ப் ஜிடிபியில் திறக்கும். கோப்பாக இருந்தால் ஜிடிபி, பிறகு பைனரியின் பெயர், பிறகு டம்ப்பின் பெயர். திறந்ததும் முதலில் வரும் எச்சரிக்கைகளைப் படியுங்கள். "கோர் கோப்பு இந்த நிரலுடன் பொருந்தாமல் இருக்கலாம்" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு 6ஆம் படிக்குத் திரும்புங்கள்.

பிடி (பேக்ட்ரேஸ் என்பதன் சுருக்கம்) என்று அடித்தால் அழைப்புகளின் அடுக்கு வரும். ஒரு உதாரணம். நான் பார்த்த ஒரு டம்ப்பில் சுழியமாவது ஃப்ரேமில் (அடுக்கின் உச்சிப் படி) __ஸ்டிரலென்_ஏவிஎக்ஸ்2 என்று இருந்தது. இதைப் பார்த்ததும் லிப்சியில்தான் பிழை என்று சொல்லத் தோன்றும். அப்படியில்லை. அது சரத்தின் நீளத்தை அளக்கும் செயற்கூறு; அதற்கு யாரோ சுழியம் என்ற நினைவக முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ரேம் 2 என்று நம் சொந்தச் செயற்கூற்றுக்கு இறங்கி, ப்ரின்ட் என்று அங்கே இருந்த பதிவைப் பார்த்தால், பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, வாடிக்கையாளரின் வீட்டு முகவரிப் புலம் மட்டும் சுழியம். வீட்டு முகவரி கொடுக்காமல் பதிவான வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விழுந்திருக்கிறது. லாக்கை மாதக் கணக்கில் முறைத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

எல்லாத் த்ரெட்டுகளையும் பார்க்க த்ரெட் அப்ளை ஆல் பிடி. இதன் வெளியீட்டை உடனே ஒரு உரைக் கோப்பில் சேமித்துவிடுங்கள். பிறகு டம்ப்பையே இழந்தாலும் இது கையில் இருக்கும்.

அடுக்கு முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தால் சிம்பலோ நூலகமோ பொருந்தவில்லை என்று அர்த்தம். அடுக்கின் உச்சியில் அபார்ட் இருந்து, லாக்கில் "டபுள் ஃப்ரீ" என்று இருந்தால், விழுந்த இடம் வேறு, தவறு நடந்த இடம் வேறு. யாரோ முன்னாலேயே ஹீப்பை (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) கெடுத்துவிட்டார்கள், இப்போதுதான் வெளிப்பட்டிருக்கிறது. டம்ப் பாதி வழிதான் காட்டும். மீதிக்கு அட்ரஸ் சானிடைசருடன் (நினைவகத் தவறை நடந்த இடத்திலேயே காட்டும் கம்பைலர் வசதி) பில்டு செய்து சோதனைச் சர்வரில் ஓட்டுங்கள்.

8. விழாமல் தொங்கினாலும், வீங்கினாலும்

நிரல் சாகவில்லை, ஆனால் பதில் சொல்லாமல் தொங்குகிறது; அல்லது நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஜிகோர் என்று அடித்துப் ப்ராசஸ் எண்ணைக் கொடுங்கள். கொல்லாமலேயே டம்ப் எடுத்துத் தரும். ஜிடிபி தொகுப்போடு வருவது இது, அதனால் இதற்குச் சர்வரிலேயே ஜிடிபி வேண்டும். எழுதி முடியும்வரை நிரல் உறைந்து நிற்கும் என்பதை மறக்காதீர்கள்.

9. கன்டெய்னரில் ஓடினால்

கோர்_பேட்டர்ன் கன்டெய்னருக்குத் தனியாகக் கிடையாது. ஹோஸ்டில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லாக் கன்டெய்னருக்கும். பைப் முறை என்றால் டம்ப் ஹோஸ்டில் போய்ச் சேரும். பாதை கொடுத்திருந்தால் அந்தப் பாதை கன்டெய்னருக்குள் தேடப்படும், கன்டெய்னரை நீக்கியதும் டம்ப்பும் போய்விடும். அதனால் அந்த அடைவை வால்யூமாக மவுன்ட் செய்யுங்கள். டாக்கரில் வரம்பைத் திறக்க --யூலிமிட் கோர்=-1.

கன்டெய்னருக்குள் உங்கள் நிரல் 1ஆம் ப்ராசஸாக ஓடினால், உள்ளே இருந்து கில் கொடுத்துச் சோதிக்க முடியாது, சிக்னல் கண்டுகொள்ளப்படாது. ஹோஸ்டிலிருந்து செக்வி அனுப்பினாலும் அப்படித்தான். சோதனைக்கு டாக்கரில் --இனிட் கொடுத்து, நிரல் 1ஆம் ப்ராசஸாக இல்லாதபடி ஓட்டுங்கள்.

10. நகலெடுப்பது, கொடுப்பது, அழிப்பது

கோப்பாக விழுந்த டம்ப்பில் நடுவே காலி இடங்கள் இருக்கும். எல்எஸ் காட்டும் அளவு பெரிதாகவும் டியூ காட்டும் உண்மையான இடம் சிறிதாகவும் இருப்பது அதனால்தான். சாதாரணமாக நெட்வொர்க் வழியே அனுப்பினால் அந்தக் காலி இடங்களும் சுழியங்களாக நிரம்பிப் பயணம் செய்யும். முதலில் இசட்எஸ்டிடி கொண்டு சுருக்குங்கள், பெரும்பாலும் நன்றாகவே சுருங்கும்.

டம்ப்பில் நினைவகத்தில் இருந்த எல்லாமே இருக்கிறது: கடவுச்சொற்கள், தனிச் சாவிகள், அந்த நேரத்தில் கையாண்ட வாடிக்கையாளரின் தகவல்கள். பிழை அறிக்கையோடு இணைத்துப் பொது இடத்தில் ஏற்றிவிடாதீர்கள். வெளியாருக்கு உதவி கேட்டு அனுப்புவதென்றால் த்ரெட் அப்ளை ஆல் பிடி வெளியீட்டை மட்டும், அதையும் ஒருமுறை வாசித்துவிட்டு, அனுப்புங்கள். நிரலை எழுதுபவர் நீங்களே என்றால், சாவிகள் இருக்கும் நினைவகப் பக்கங்களுக்கு எம்அட்வைஸ் அழைப்பில் டோன்ட்டம்ப் குறி கொடுத்தால் அவை டம்ப்பில் சேராது.

சேமிக்கும் அடைவை ரூட் மட்டும் படிக்கும்படி வையுங்கள். நேரடிக் கோப்பு முறையில் நிரல் ஓடும் பயனருக்கு அடைவில் எழுதவும் நுழையவும் உரிமை கொடுத்தால் போதும், படிக்கும் உரிமை வேண்டாம். பிழையைக் கண்டுபிடித்து, திருத்தம் சர்வருக்குப் போய், அதே இடத்தில் மறுபடி விழவில்லை என்று தெரிந்ததும் டம்ப்பை அழித்துவிடுங்கள். சிம்பல் கோப்பை மட்டும் அந்தப் பதிப்பு எங்காவது ஓடிக்கொண்டிருக்கும்வரை அழிக்காதீர்கள்.